என் மகள் எழுதிய தொகையே சரியானது

அனுப்புநர்:
நீக்கிலாப்பிள்ளை ஜூலியஸ்,
(மாணவி மெலிசா ஜூலியஸின் தந்தை)
ரெக்ஸ்டேல், ரொறன்ரோ.

பெறுநர்:
குறைகேள் அதிகாரி அவர்கள்,
மாணவர் விவகாரப் பிரிவு,
பைன்கேற் கல்லூரி, ரொறன்ரோ.

விடயம்: மருத்துவ ஆய்வுகூட அறிவியல் முதலாம் ஆண்டு மாணவி மெலிசா ஜூலியஸின் பதிவுக் கோவையில் ‘தவறான தகவல் வழங்கியவர்’ என்று இடப்பட்டுள்ள குறிப்பை நீக்கக் கோருதலும், அதற்குக் காரணமானவன் நானே என்று அறிவித்தலும்.

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களே,

1. உங்கள் முறைப்பாட்டுப் படிவத்தின் மூன்றாவது கட்டத்தில், முறைப்பாடு யாருக்கு எதிரானது என்ற கேள்வி உள்ளது. கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தின் பெயரை அங்கே எழுத முதலில் நினைத்தேன். அது நியாயமல்ல. அந்த அலுவலகத்தினர் தங்கள் கைக்கு வந்த தாள்களை வைத்து ஒழுங்காகவே முடிவெடுத்தார்கள். ஆகையால் அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். கட்டம் மாறி எழுதப்பட்டது என்று எண்ணிப் படிவத்தைத் திருப்பி அனுப்பவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

2. மனுவை எந்த மொழியிலும் தரலாம், கல்லூரியே மொழிபெயர்த்துக்கொள்ளும் என்று உங்கள் இணையப் பக்கத்தில் உள்ளதால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலம் கேட்டால் எனக்கு விளங்கும். வேலையிடத்தில் பேசவும் செய்கிறேன். இப்படியொன்றை எழுதும் அளவுக்கு அது என்னிடம் இல்லை. பதினொரு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை மெலிசாவே வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிவருகிறாள். மின்சாரக் கட்டணம், என் முதுகுவலிக்கான காப்புறுதி, மனைவியின் குடியுரிமை விண்ணப்பம் எல்லாம் அவள் கையால் போனவை. இந்த ஒரு கடிதத்தை அவளைக்கொண்டு எழுதுவிக்க எனக்கு மனமில்லை.

3. நான் மன்னாரைச் சேர்ந்தவன். அங்கே பதினொரு ஆண்டுகள் ஒரு நாளிதழின் பிரதேச நிருபராக இருந்தேன். இடம்பெயர்ந்தோரின் தொகையையோ நிவாரண அரிசியின் எடையையோ இரண்டு இடங்களில் விசாரிக்காமல் ஆசிரியருக்கு அனுப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு தொகையைப் பிழையாக எழுதினால் அது யாரைப் போய்ச் சேரும் என்பது தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதற்காகவே சொல்கிறேன். 2010 இல் மனைவி செலீனுடனும் மூன்று வயது மெலிசாவுடனும் இந்த நாட்டுக்கு வந்தேன். பதின்மூன்று ஆண்டுகளாக மிசிசாகாவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் பொதிசெய்யும் பகுதியில் வேலை செய்கிறேன். செலீன் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பகுதிநேரமாக வேலை செய்கிறாள். 2024 ஆம் ஆண்டில் நாங்கள் இருவரும் உழைத்த தொகை 61,740 டொலர். எங்களுக்கு வேறு வருமானம் இல்லை.

4. அந்த ஆண்டுக்கான என் வருமானவரித் தாள்களில், ‘துப்புரவுத் தொழில்’ என்ற தலைப்பில் மேலும் 33,000 டொலர் காட்டப்பட்டுள்ளது. அப்படியொரு தொழில் எனக்கு இல்லை. ஒருபோதும் இருந்ததும் இல்லை. நான் துப்புரவு செய்த ஒரே கட்டடம் என் வீடு. அந்தத் தொகையை எழுதக் கொடுத்தவன் நான். கையொப்பமும் என்னுடையது.

5. இதை ஏன் செய்தேன் என்பதை நீங்கள் அறியவேண்டியுள்ளது. எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் கோப்பி கொடுப்பார்கள். அங்கே புதிதாக அறிமுகமாகும் எவரும் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து வேலையைக் கேட்பார்கள், மூன்றாவதாகச் சொந்த வீடா வாடகையா என்று கேட்பார்கள். கேட்பவருக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வாடகை என்று பத்து ஆண்டுகள் சொன்னேன். 2019 டிசம்பரில் என் மனைவியின் தமக்கை பேர்ணடெற், பிறம்ரன் நகரில் வீடு வாங்கி, குருவானவரை அழைத்து ஆசீர்வதித்து, எல்லோருக்கும் விருந்து வைத்தார். சாப்பாட்டு மேசையில் அவர் என்னைப் பார்த்து, “ஜூலியஸ், உம்மட வீட்டில எங்களுக்கு எப்ப சாப்பாடு? மெலிசா கலியாணம் கட்டிப் போன பிறகோ?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் சிரிக்காமல் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை நான் கிளிபோட்டிடம் போனேன்.

6. கிளிபோட் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் இருப்பவர். வீட்டுக்கடன் ஒழுங்குசெய்து கொடுப்பதும் வரித் தாள் நிரப்புவதும் அவருடைய தொழில். பாண் தொழிற்சாலைச் சம்பளத்துக்கு எந்த வங்கியும் வீட்டுக்கடன் தராது என்று சொல்லி, இரண்டு ஆண்டுகளுக்கு வருமானத்தைக் கூட்டிக் காட்டும்படி அவர் யோசனை கூறினார். நான் தயங்கியபோது அவர் சொன்னவை இவை: “அண்ணை, ஊரெல்லாம் வருமானத்தை ஒளிக்குது. நீங்கள் கூட்டிக் காட்டப்போறியள். வரி கூடக் கட்டப்போறியள். அரசாங்கம் உங்களுக்கு மாலை போடவெல்லோ வேணும்?” அவர்மேல் எனக்கு முறைப்பாடு இல்லை. அவர் கதவைக் காட்டினார். நடந்து போனவன் நான். 2021 ஜூனில் ரெக்ஸ்டேலில் வீடு வாங்கினோம். ஐந்து ஆண்டுகளில் கடனைப் புதுப்பிக்கும்போது வங்கி மறுபடியும் தாள்களைக் கேட்கக்கூடும் என்பதால், கூட்டிக் காட்டுவதை இடையில் நிறுத்தவேண்டாம் என்றார் கிளிபோட். ஆகவே இல்லாத தொழிலுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் டொலர் வரி கட்டிவந்தேன். அதற்காக மேலதிக நேரம் வேலை செய்தேன்; போதாததைக் கடன் அட்டையில் போட்டேன். செலீனிடம், கனடாவில் வரி அப்படித்தான் என்று சொல்லியிருந்தேன். வரிக் கடிதங்களை மட்டும் மெலிசாவிடம் கொடுக்காமல் கிளிபோட்டிடமே கொண்டுபோனேன்.

7. இவ்வாண்டு மெலிசாவுக்கு உங்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம், புத்தகம், ஆய்வுகூடச் செலவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 9,300 டொலர். அவள் ‘ஓசாப்’ எனப்படும் மாகாண அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பித்தாள். குடும்ப வருமானம் கூடுதல் என்று ஜூன் மாதம் பதில் வந்தது. ஓசாப் அலுவலகம் வருமானத்தை வரித் திணைக்களத்திடமிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, “அப்பா, எங்கட இன்கம் கூடவாம். ஜோக் அடிக்கிறாங்களோ?” என்றாள். “அவங்கட கணக்கு அப்பிடித்தான் பிள்ளை. ஓசாப் எல்லாருக்கும் கிடைக்கிறேல்லை” என்றேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதலாவது சந்தர்ப்பம் அது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், தொடர்ந்து சாப்பிட்டேன்.

8. முதல் தவணைக் கட்டணத்துக்காகச் செலீன் தான் போட்டுவந்த சீட்டை இடையில், பெரிய கழிவுக்கு எடுத்தாள். அடுத்த தவணைக்கு வழியில்லை. கல்லூரியே நடத்தும் தேவை உதவி நிதிக்கு ஓகஸ்ட் 18 ஆம் திகதி மெலிசா விண்ணப்பித்தாள். சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, “அப்பா, நீங்களும் அம்மாவும் வருசத்துக்கு எவ்வளவு உழைக்கிறியள்? சும்மா குத்துமதிப்பாச் சொல்லாதைங்கோ, சரியான நம்பர் சொல்லுங்கோ” என்று கேட்டாள். எங்கள் இருவரின் சம்பளத் துண்டுகளையும் எடுத்துக் கூட்டி, 61,740 என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றத் தொகையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் நான் சொன்னதை எழுதினாள். பிறகு ஓரிடத்தில் என்னைக் கையொப்பமிடச் சொன்னாள். குடும்பத்தின் வருமானவரி விபரங்களைப் பெற்றுச் சரிபார்க்கக் கல்லூரிக்கு அனுமதி வழங்கும் பகுதி அது. நான் வாசிக்கவில்லை. ஜூனில் அரசு உதவி மறுத்த பிறகும், அந்தத் துப்புரவுத் தொழில் வங்கிக்கும் கிளிபோட்டுக்கும் எனக்கும் இடையிலான ஒரு தாள் என்றே மனதில் வைத்திருந்தேன். அது என் பிள்ளையின் கல்லூரிவரை வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு நான் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் உங்கள் கோவையில் அவளைப் பொய்க்காரி ஆக்கியது.

9. ஒக்டோபர் 16 ஆம் திகதி பிற்பகல் இரண்டு மணிக்கு நிதி உதவி அலுவலகத்தில் விசாரணைக்கு அழைத்தார்கள். பெற்றோரில் ஒருவர் வரலாம் என்று இருந்ததால் நானும் போனேன். அலுவலர் மரியாதையானவர், எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு தன் கணினித் திரையை மெலிசாவின் பக்கம் திருப்பி, அவள் எழுதிய தொகையையும் வரித் தாளில் உள்ள தொகையையும் அருகருகே காட்டி, இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்டார். மெலிசா திரையை வாசித்தாள். துப்புரவுத் தொழில் என்ற வரியில் அவள் கண் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று அந்த அலுவலர் எண்ணியிருக்கக்கூடும். எல்லாம் விளங்கியது. நான் தண்ணீரைக் குடித்தேன்.

10. தட்டச்சுச் செய்யும்போது தானே பிழைவிட்டதாகவும், அம்மா அப்பாவிடம் சரியாகக் கேட்காமல் எழுதிவிட்டதாகவும் மெலிசா ஆங்கிலத்தில் சொன்னாள். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டு, அது உண்மைதானா என்று கேட்கும் விதமாக என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். உங்கள் அலுவலகக் குறிப்பில் ‘தந்தை உறுதிப்படுத்தினார்’ என்று இருக்கிறது. அந்தச் சொல் என்னைப் பற்றியது. என் மகள் உங்கள் கல்லூரிக்குச் சொன்ன ஒரே பொய், தான் பொய் எழுதியதாகச் சொன்னதுதான். அதையும் எனக்காகவே சொன்னாள்.

11. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். “ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. “வேற என்னத்தைச் சொல்லுறது? அப்பா பொய் சொன்னவர் எண்டோ?” என்றாள். இரண்டு பஸ் தரிப்புகள் கழித்து, “வீட்டை எடுத்துப்போடுவாங்கள் அப்பா. இற்ஸ் ஓகே. விடுங்கோ” என்றாள். வீட்டுக்கடன் எப்படிக் கிடைத்தது என்பதை அவள் ஊகித்திருந்தாள். அதன்பின் இதுபற்றி அவள் என்னோடு பேசவில்லை. கோபித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் எனக்குத் தேநீர் ஊற்றி வைத்துவிட்டே வகுப்புக்குப் போகிறாள்.

12. ஒக்டோபர் 30 ஆம் திகதியிட்ட தீர்மானக் கடிதத்தின்படி, அவளுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குக் கல்லூரியின் எந்த உதவிக்கும் அவள் விண்ணப்பிக்கமுடியாது. மேற்சொன்ன குறிப்பும் கோவையில் இடப்பட்டது. பணத்தைப் பற்றி நான் இங்கு எதுவும் கேட்கவில்லை. அந்தக் குறிப்பு இருக்கும்வரை அவளுக்குக் கல்லூரியின் நன்னடத்தைக் கடிதம் கிடைக்காது. அந்தக் கடிதம் இல்லாமல் மே மாதம் தொடங்கும் வைத்தியசாலைப் பயிற்சிக்கு அவள் பெயரைக் கொடுக்கமுடியாது. பெயர் கொடுக்கும் இறுதி நாள் டிசம்பர் 5. பயிற்சி இல்லையென்றால் இந்தப் படிப்பில் இரண்டாம் ஆண்டு இல்லை. பிறருடைய இரத்தத்தைப் பரிசோதித்து அதன் அளவுகளை எழுதும் வேலைக்கு, தொகையை மாற்றி எழுதுபவர் என்ற பெயரோடு ஒருவரை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுக்கவும் கூடாது. அந்தப் பெயர் அவளுடையது அல்ல என்பதே என் மனு.

13. மேன்முறையீட்டுக்கு முப்பது நாட்கள் உண்டு. இருபத்தைந்து நாட்களை நான் வீணாக்கினேன். நவம்பர் 29 ஆம் திகதி கடந்துவிட்டால் செய்வதற்கு எதுவும் இருக்காது என்றும், அப்போது முடிவெடுக்கும் பொறுப்பு என்னைவிட்டுப் போய்விடும் என்றும் நான் உள்ளூர எண்ணியிருந்தேன். இதை எழுதுவதற்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருக்கிறது.

14. நவம்பர் 15 ஆம் திகதி செலீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து இருந்தாள். வருடத்துக்கு எவ்வளவு வரி கட்டினேன் என்று கேட்டாள். சொன்னேன். பிள்ளையின் கட்டணம் எவ்வளவு என்று, தனக்குத் தெரிந்திருந்தும், என்னைக்கொண்டு சொல்லுவித்தாள். பிறகு சொன்னாள்: “இல்லாத காசுக்குக் கட்டின வரி, இருக்கிற பிள்ளைக்குக் காணும்.” உதவி எதுவும் இல்லாமலே என் மகளின் கட்டணத்தை நான் ஆண்டுதோறும் கட்டியிருக்கலாம் என்பதை அதுவரை நான் ஒரு தாளில் போட்டுப் பார்க்கவில்லை. அன்று போட்டுப் பார்த்தேன்.

15. நவம்பர் 20 ஆம் திகதி, முந்தைய ஆண்டுகளின் வரித் தாள்களைத் திருத்தக் கோரி வரித் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதியுள்ளேன். கிளிபோட்டுக்கும் முன்கூட்டியே அறிவித்தேன். “உங்களுக்கென்ன விசரே அண்ணை? ஜூனில கடன் புதுப்பிக்க வேணும். ஆறு மாசம் வாயை மூடிக்கொண்டு இருக்கேலாதோ?” என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்ததன் விளைவையே உங்களுக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் அலுவலகத்தின் விடயமும் அல்ல. நீங்கள் இரங்கவேண்டும் என்பதற்காக அதை இங்கு குறிப்பிடவில்லை. நான் சொல்வதை நம்ப உங்களுக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

16. இத்துடன் எங்கள் இருவரின் 2024 ஆம் ஆண்டுச் சம்பளத் துண்டுகள், என் வங்கிக் கணக்கின் பன்னிரண்டு மாத அறிக்கை, வரித் திணைக்களத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன். துப்புரவுத் தொழிலிலிருந்து ஒரு டொலர்கூட அந்தக் கணக்குக்கு வராததை அறிக்கையில் காணலாம். சம்பளத் துண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் 61,740 வரும். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

17. ஆகவே நான் தங்களிடம் கேட்டுக்கொள்பவை:

அ) மெலிசா ஜூலியஸின் கோவையில் உள்ள குறிப்பை டிசம்பர் 5 ஆம் திகதிக்கு முன் நீக்கி, நன்னடத்தைக் கடிதம் வழங்க உத்தரவிடவேண்டும்.

ஆ) குறிப்பை அழிப்பதோடு நிற்காமல், தவறான தொகையைக் காட்டியவர் அவளுடைய தந்தை என்று பெயரோடு பதியவேண்டும். வெறுமனே அழித்தால், ஏதோ இரக்கப்பட்டு விட்டார்கள் என்றே அந்தக் கோவையைப் பின்னாளில் பார்ப்பவர் நினைப்பார். அவளுக்கு இரக்கம் தேவையில்லை.

இ) ஜனவரித் தவணைக் கட்டணத்தை நான்கு பகுதிகளாகக் கட்ட அனுமதிக்கவேண்டும். உதவி நிதி கேட்கவில்லை. மேலதிக நேர வேலை செய்து கட்டுவேன். ஒத்துக்கொள்ள இயலாவிட்டால் இந்த மூன்றாவதைத் தள்ளிவிடலாம். முதல் இரண்டையும் தள்ளவேண்டாம்.

18. இம்மனுவை மெலிசா நேற்று வாசித்தாள். அவளுக்குத் தெரியாமல் அனுப்புவது இன்னொரு ஒளிப்பாகிவிடும் என்று நான்தான் கொடுத்தேன். தமிழ் வாசிக்க அவளுக்கு நேரம் எடுக்கும். எழுத்துக் கூட்டி, நின்றபடியே வாசித்தாள். முடித்துவிட்டு, “இதை அனுப்பாதைங்கோ அப்பா, பிளீஸ். நான் வேற கோர்ஸ் எடுக்கிறன்” என்றாள். அனுப்பவேண்டாம் என்று அவள் கேட்டதையும் உங்கள் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மனுவில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவளுடைய சொல்லைக் கேளாமலே அனுப்புகிறேன்.

19. தாங்கள் எந்த நாளில், எந்த நேரத்தில் அழைத்தாலும் வேலைக்கு லீவு போட்டு வருவேன். என் மகளையும் அந்த அறையில் இருத்துங்கள். அவளிடம் எதையும் கேட்கவேண்டியதில்லை. கேள்விகளை என்னிடம் கேளுங்கள்; நான் பதில் சொல்வேன்.

தங்கள் தீர்ப்பை எதிர்பார்த்து,
நீக்கிலாப்பிள்ளை ஜூலியஸ்
(கையொப்பம்)

இடம்: ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
திகதி: 24 நவம்பர் 2025